முன்காலுக்குப் பின்னால் நாலு விரல்

1

மகாராணி பிறந்தநாள் லீவு வந்து போனது. மூன்று நாள். போன வருடம் இந்த மூன்று நாளும் நான் கிப்ஸ்லாந்து மலையில் நின்றேன். இந்த வருடம் மல்கிரேவில், வீட்டுக் கராஜில், ரைபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். சுடப் போகாத துவக்குக்கும் எண்ணெய் போடத்தான் வேண்டும். விட்டால் கறள் பிடிக்கும்.

ஊரில் பத்திரிகை நடத்தும் மாஸ்டர் இரண்டு கடிதம் போட்டிருந்தார். அவுஸ்திரேலிய அனுபவத்தை எழுதி அனுப்பட்டாம். நான் ஐந்தாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை. எனக்கு வேட்டை தெரியும். அதைத்தான் எழுதலாம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இங்கே ஒருவருக்கும் சொல்லாததை எழுதுகிறபடியால் அப்படி.

2

மரையை, அந்தப் பெரிய மானை, எங்கே சுட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. உரித்துப் பார்த்துத்தான் படித்தேன். எங்கள் பக்கம் சுட்டவனே உரிக்க வேண்டும். கத்தி வைத்தவனுக்குத்தான் இருதயம் எங்கே, சுவாசப்பை எங்கே, குடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

மரை பக்கப்பாட்டில் நின்றால் முன்காலுக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி, நெஞ்சடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்க வேண்டும். அங்கே இருதயமும் சுவாசப்பையும் ஒட்டிக் கிடக்கின்றன. முகம் பார்த்து நின்றால் கழுத்தடி. பின்பக்கம் காட்டிப் போனால் விடுவது நல்லது. கொம்பு பெரிது என்பதற்காகத் தலையில் வைக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை. தலை அசையும். தாடை உடைந்த மரை தின்ன முடியாமல் பத்து நாள் திரியும்.

வெடி எங்கே பட்டது என்பதை மிருகமே காட்டும். சுவாசப்பையில் பட்டது துள்ளும், தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும், ஐம்பது யார் தூரத்துக்குள் விழும். இரத்தம் இளஞ்சிவப்பு, நுரை இருக்கும். வயிற்றில் பட்டது முதுகைக் கூனும். மெல்ல நடக்கும். படவில்லையாக்கும் என்று புதியவன் நினைப்பான். இரத்தம் கறுப்பாக இருக்கும், அதற்குள் அரைத்த புல் கிடக்கும். அப்படியானது ஒரு பகல், ஒரு இரவு கிடந்துதான் சாகும்.

வன்னியில் என்னிடம் இருந்தது பயிர்க்காவலுக்கு அரசாங்கக் கச்சேரி தந்த ஒற்றைக் குழல் துவக்கு. பன்றிக்கும் மானுக்கும் பல குண்டு அடைத்த எஸ்.ஜி. தோட்டா. மரைக்கு ஒற்றைக் குண்டு. இருபத்தைந்து யாருக்கு மேல் நான் சுடுவதில்லை. நாட்டில் குழப்பம் வந்த வருடம் துவக்கை ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். பற்றுத் துண்டு தந்தார்கள். துவக்கு திரும்பி வரவில்லை. துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரு தரம் பொழுதுபடுகிற நேரம் பன்றி என்று நினைத்து எருமை ஒன்றைச் சுட்டுவிட்டேன். அயல் ஊர்க்காரரின் எருமை. யாரும் காணவில்லை. நான் நடந்து போய் அவர் வாசலில் நின்று, நான்தான் என்றேன். எங்கள் பட்டியிலிருந்து ஒரு இளம் எருமை நாகு கொண்டுபோய்க் கட்டினேன். தவறின வெடியை அவனவன் வாயால்தான் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. காயப்பட்ட மிருகம் காட்டுக்குள் போனால், முதல் இரத்தம் கிடக்கிற இடத்தில் பச்சைக் குழை ஒன்றை முறித்து, போன திசைக்கு நுனியை வைத்துப் போடுவோம். இதைத் தேடி ஆள் போயிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் வருகிறவன் குறுக்கிடமாட்டான். அநேகமாகச் சுட்டவன்தான் குழை போடுவான். அவனால் ஏலாவிட்டால், தேடிப் போகிறவன் போடுவான்.

3

புவனம் மாங்குளம் ஆசுப்பத்திரியில் தாதி. பன்றி தொடையைக் கிழித்து என்னைக் கொண்டுபோனபோது இருபத்திரண்டு தையல் போட்டவள் அவள்தான். ஒவ்வொரு தையலுக்கும், நோகுதோ என்று கேட்டாள். இல்லை என்றேன். கடைசித் தையலில், உங்களுக்குப் பொய் சொல்ல வராது, முகம் சொல்லுது என்றாள். அடுத்த வருடம் கலியாணம்.

அவளுக்கு ஒரு தம்பி, குலம். படிப்பில் கெட்டிக்காரன். மெல்பேர்ணுக்கு எஞ்சினியர் படிக்க வந்து, இங்கேயே வேலை எடுத்து, கிளென் வேவர்லியில் வீடும் வாங்கிவிட்டான். இந்த நாட்டின் கதவு எங்கள் ஆட்களுக்குத் திறந்ததும் அக்காவைக் கூப்பிட்டான். இங்கே தாதிமாருக்குத் தட்டுப்பாடு. அவள் எழுபத்தைந்தில் வந்தாள். ஏழு மாதம் கழித்து நானும் மகள் வதனியும் வந்தோம். என் குடிவரவுப் பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் குலம் விவசாயி என்று எழுதினான். அது சரி. மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் கொஞ்சம் என்று எழுதினான். அது பொய்.

டண்டினோங்கில் கார்ச் சாமான் செய்கிற பக்டரியில் வேலை கிடைத்தது. அங்கே பேச்சு வேண்டாம். மிசின் இரைச்சலில் எல்லோரும் கைப்பாசைதான். வெளியில் எல்லாத்துக்கும் புவனம்தான் என் வாய். வங்கி, டொக்டர், பள்ளிக்கூடம், வீட்டுச் சொந்தக்காரன். அவர்கள் பேசுவார்கள், அவள் என்னைப் பார்ப்பாள், நான் சொல்லுவேன், அவள் திருப்பிச் சொல்லுவாள். நான் நாலு சொல் சொன்னால் அவள் பத்துச் சொல் சொல்லுவாள். மரியாதையாக்கிச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

கார் அவள்தான் ஓடுவாள். நான் பக்கத்தில் இருப்பேன்.

4

இந்த நாட்டில் மரை இருக்கிறது என்று குலம் சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனான். நாலு மணித்தியால ஓட்டம். மலைச் சரிவில் சேற்றில் ஒரு குளம்படி. குந்தியிருந்து பார்த்தேன். மரைதான். அதே அளவு, அதே பிளவு. மரத்தில் கொம்பு தேய்த்த இடமும் அதே உயரத்தில் இருந்தது. நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவையாம். குலம் பகிடியாக, உங்களுக்கு முதல் வந்த சொந்தக்காரர் அத்தான், ஸ்பொன்சரும் இல்லை, போமும் நிரப்பேல்லை என்றான். வந்ததிலிருந்து அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மலையடியில் ரொன் என்று ஒருவர் இருந்தார். மரம் அரிகிற வேலை, கொஞ்ச மாடு, வேட்டை நாய்கள். நாய் விட்டு மரை எழுப்பிச் சுடும் கிளப் ஒன்றுக்கு அவர்தான் தலை. குலத்தின் கந்தோர் மேலாளர் அந்தக் கிளப்புக்குச் செயலாளர். குலம் அதில் சேர்ந்ததற்கு மரை மட்டும் காரணமில்லை.

என்னையும் சேர்த்தார்கள். முதல் நாள் ரொன் ஒரு கடதாசியில் மரை கீறி, பென்சிலை என்னிடம் தந்தார். நான் முன்காலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். அவர் பேசுவதில் நாலில் ஒரு சொல் எனக்கு விளங்கும். நான் பேசுவதில் நாலில் ஒன்று அவருக்கு. காட்டில் அது போதும்.

பக்டரிக்காரன் ஒருவனிடம் பழைய திறீ-நொட்-திறீ ரைபிள் ஒன்று எடுத்தேன். லைசென்சுக்குப் பொலிசில் புவனம் பேசினாள். ரைபிள் எனக்குப் புதிது. துவக்கில் குண்டு ஈயம், பட்டதும் பரந்துவிடும். ரைபிளில் சன்னம் என்கிற குண்டைத் தெரிந்து எடுக்க வேண்டும். நான் எடுத்தது முனையில் ஈயம் தெரிகிற மென்முனை, பாரமானது. மரையின் தோல் தடிப்பு, உடம்பு பெரிது. பாரமான மென்முனை உள்ளே போய்க் காளான் மாதிரி விரிந்து அங்கேயே நிற்கும். பாரம் குறைந்து வேகம் கூடின சன்னம் தோள் எலும்பில் நொறுங்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு. சண்டைக்குச் செய்த கடினமுனை, முழுக்கச் செம்பு போர்த்தது. அது விரியாது. ஊசி மாதிரி ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வரும். வந்த பிறகும் ஓடும். அதற்குக் கிளப்பில் தடை.

குலம் அதில் ஒரு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்தான். குறி பழகும் இடத்தில் அதுதான் அவனுக்கு நேராகப் போனது. கடதாசிக்கு அது நல்லது, காட்டுக்கு வேண்டாம் என்று என் பெட்டியிலிருந்து இருபது மென்முனை எடுத்துக் கொடுத்தேன். சரி அத்தான் என்று வாங்கினான்.

அந்த முதல் வருடம் நான் சுட்டது மூன்று மரை. மூன்று சன்னம். ஒன்றுக்கு வெளிச்சம் போய்விட்டதால் குழை முறித்துப் போட்டுவிட்டுத் தேடினேன். ரொன் அது என்ன என்று கேட்டார். குலம் விளக்கினான். சுட்டவன் போடுகிற அடையாளம் என்றான். முழுதும் அதுவல்ல, ஆனால் நான் திருத்தவில்லை. ரொன்னுக்குப் பிடித்துப்போனது. அதன் பிறகு அவர்களில் இரண்டொருவரும் குழை போட்டார்கள். வீட்டுக்கு இறைச்சி கொண்டுபோனேன். வதனி தட்டைத் தள்ளி, டிஸ்கஸ்ரிங் என்றாள். புவனம் ஆறு வீட்டுக்குப் பங்கு போட்டாள். என் அவர் சுட்டது என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

5

போன வருட லீவின் இரண்டாம் நாள். காலை. புல் முழுக்க உறைபனி. நான் மலை இடுக்கில் நின்றேன். குலம் கீழே, நானூறு யார் தள்ளி, ஓடைக்கரையில். மற்றவர்கள் அந்தப் பக்க முகட்டில். நாய்ச் சத்தம் வந்தது. ஓடைக்குள் இறங்கியது. நாய்கள் ஓர் இடத்தில் நின்று குரைக்கத் தொடங்கின. மரையைத் தண்ணீரில் மறித்துவிட்டன என்று தெரிந்தது.

மறித்த மரையை அவசரப்பட்டுச் சுடக்கூடாது. நாய் சுற்றி நிற்கும். கரைக்கு மேலே ஏறி, கீழ்நோக்கிக் கழுத்தில் வைக்க வேண்டும். சன்னம் தண்ணீருக்குள் போகும்.

ஒரு வெடி கேட்டது. குரைப்பு நின்றது.

இறங்கிப் போனேன். குலம் கரையில் நின்றான். ரைபிள் கீழே கிடந்தது. ஓடைக்கு அப்பால் ரொன்னின் முன்னோடி நாய் விழுந்து கிடந்தது. பெல் என்று பெயர். மரை இல்லை. கல்லில் இரத்தம், கறுப்பு, அரைத்த புல். அவன் தண்ணீர் மட்டத்திலேயே நின்று, பக்கப்பாட்டில், பின்னுக்குத் தள்ளி வயிற்றில் வைத்திருக்கிறான். சன்னம் வயிற்றால் போய், மறுபக்கத்தால் வந்து, நாயின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. நாயில் ஒரே ஓட்டை. சுண்டுவிரல் நுனி அளவு.

அவனுடைய ரைபிளைத் திறந்தேன். செம்பு. கடினமுனை.

"நான் தந்தது எங்கை?"

"காருக்குள்ளை, அத்தான்."

ஏசவில்லை. நேரமில்லை. மரை உயிரோடு எங்கேயோ கூனிக்கொண்டு நிற்கிறது. அவனால் அதைத் தேட முடியாது. நீ இஞ்சை நில், ரொன் வந்த உடனை உண்மையைச் சொல்லு, நான் மரையை முடிச்சுப்போட்டு வாறன் என்றேன். முதல் இரத்தத்தில் குழை முறித்து வைத்துவிட்டுப் போனேன்.

மூன்று மணித்தியாலம். பன்னச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தது. என்னைக் கண்டு எழும்பப் பார்த்தது. முன்காலுக்குப் பின்னால் ஒன்று வைத்தேன். முடிந்தது. பக்கத்தில் கொஞ்சம் இருந்தேன். நல்ல கொம்பு. நான் அதைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது எல்லோரும் ஓடைக்கரையில் நின்றார்கள். ரொன் தன் கோட்டைக் கழற்றி நாயின் மேல் போட்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன். நான் வைத்த குழை அந்த மேலாளரின் கையில் இருந்தது.

6

திரும்பும் வழியில் குலம்தான் கார் ஓட்டினான். டண்டினோங் தாண்டும்போது காரை ஓரமாக நிற்பாட்டினான்.

"அத்தான், எனக்கு வேறை வழி தெரியேல்லை. நீங்கள் இறங்கி வந்து சுட்டது எண்டு சொல்லிப்போட்டன்."

 அவனே தொடர்ந்தான். மேலாளர் முன்னால் நின்றாராம். அடுத்த மாதம் அவனுக்குப் பெரிய பதவி வருகிறதாம். தடை செய்த சன்னத்தால் நாயைக் கொன்றவன் என்றால் அந்த மனிசன் முகத்தில் முழிக்கேலாதாம். குழையைப் பார்த்து அவர்களே அத்தானோ என்று கேட்டார்களாம். அவன் ஓம் என்றானாம். அவ்வளவுதானாம்.

"போய் மாத்திச் சொல்லு."

"இந்தக் கிழமைக்குள்ளை சொல்லுறன்."

சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. காயப்பட்ட மரையையே அவன் தேடிப் போகவில்லை.

7

அடுத்த ஞாயிறு ரொன் வீட்டில் கிளப் கூடியது. நான் புவனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். குலம் எனக்காகப் பேச வேண்டாம் என்றேன். அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் அழுதாள். தம்பிக்காக அழுகிறாள், நியாயம்தான் என்று விட்டேன். காரில் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். நாயை நான் சுடவில்லை. குழை வைத்தது தேடிப் போனதற்காக. நாயில் இருந்தது கடினமுனை ஓட்டை. என் சன்னம் விரியும், ஒரு மரையைத் தாண்டிப் போய் நாய்க்குள் அப்படிப் போகாது. மரையைப் பிறகு போய் உரித்த உங்கள் ஆட்களைக் கேளுங்கள், முன்காலுக்குப் பின்னால் இருந்த காயம் என்னுடையது, வயிற்றில் இருந்தது என்னுடையது அல்ல. இவ்வளவுதான். குலத்தின் பெயரைச் சொல்லச் சொல்லவில்லை. அதை அவன் சொல்லட்டும்.

ரொன்னின் குசினியில் பெரிய மேசை. ஏழெட்டுப் பேர். குலமும் மேலாளரும் ஒரு பக்கம். நான் பொக்கற்றிலிருந்து என் தோட்டா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். ஈய முனை தெரிய. பிறகு பேசினேன். நின்று நின்று, அவள் சொல்ல இடம்விட்டுப் பேசினேன். அவள் இங்கிலீசில் சொன்னாள். குறைவாகத்தான் சொன்னாள். நான் பத்துச் சொன்ன இடத்தில் அவள் மூன்று. அன்றைக்கு அது எனக்கு வித்தியாசமாகப்படவில்லை. குலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரொன் கனநேரம் தோட்டாவைப் பார்த்தார். பிறகு தாடிக்குள் இரண்டு மூன்று சொல் சொன்னார். என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. புவனத்தைப் பார்த்தேன்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேக்கிறார்."

ஓம் என்றேன். தலையாட்டினேன். அவருக்கு விளங்கட்டும் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் யெஸ் என்றும் சொன்னேன்.

ரொன் தோட்டாவை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தேன். போகும்போது ரொன் கை தந்தார். விசயம் தீர்ந்தது என்று நினைத்தேன். வழி முழுக்கப் புவனம் ரோட்டையே பார்த்துக் கார் ஓட்டினாள். எப்போதும் இரண்டு வார்த்தை பேசுகிறவள்.

8

பன்னிரண்டு நாளில் கடிதம் வந்தது. கிளப்பின் தலைப்பு, செயலாளர் கையெழுத்து. புவனம் வேலையில். வதனி பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு. தமிழ் விளங்கும், பேசத்தான் பஞ்சி, சோம்பல். வாசித்துச் சொல்லு என்றேன்.

வாசித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். பிறகு முகத்தில் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்.

"உங்களை வெளியிலை போட்டினம், அப்பா. நாயைச் சுட்டதுக்கு."

"நான் சுடேல்லை."

"யூ அட்மிட்டட் இற். எல்லாருக்கும் முன்னாலை, நாயைச் சுட்டது நீங்களோ எண்டு ரொன் கேட்டவராம். யூ செட் யெஸ்."

மற்றதையும் வாசிக்கச் சொன்னேன். என் மனைவி மூலம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும், கண் முன்னைப்போல் இல்லை, நாய் நின்றது தெரியவில்லை என்று நான் சொன்னதாகவும் எழுதியிருந்தது. அதை மதித்துப் பொலிசுக்கு எழுதி என் லைசென்சில் கை வைக்கவில்லையாம்.

அந்தக் குசினியில் நான் ஒரேயொரு தரம்தான் யெஸ் சொன்னேன்.

வதனி கடிதத்தை மடித்துத் தந்தாள். ஆர் யூ ஓகே, அப்பா என்றாள். ஓம் என்றேன்.

9

புவனம் வேலையால் வந்து உடுப்பு மாற்றும்வரை இருந்தேன். கடிதத்தைக் குசினி மேசையில் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ தேத்தண்ணி எண்டனி."

"தேத்தண்ணியும் வந்ததுதானே."

இதைச் சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். கதிரையில் இருந்தாள். பிறகு எல்லாம் சொன்னாள். கிளப் கூடுவதற்கு முதல் நாளே குலம் அவள் வேலை செய்கிற ஆசுப்பத்திரிக்குப் போய் அவளைப் பிடித்திருக்கிறான். காலில் விழாத குறை. ஊரில் அவர்களுடைய தாய் தனியே. அவவைக் கூப்பிடப் பத்திரம் போட்டிருக்கிறான். பதவி வந்தால் அவவுக்கு ஸ்பொன்சராகப் பொறுப்பு நிற்பது சுலபம், இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடமோ மூன்றோ. தாய்க்கு நெஞ்சு வருத்தம். இரண்டு வருடம் தாங்காது.

இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் நானே ஓம் என்றிருப்பேனோ தெரியாது. என்னைக் கேட்கவில்லை. என் வாயைத்தான் எடுத்தார்கள்.

"அவனுக்கு எல்லாம் போயிடும். உங்களுக்கு என்ன போகப்போகுது? ஒரு காட்டுக்குப் போறதுதானே."

 இந்த நாட்டில் எனக்குப் பக்டரி இருந்தது, இந்த வீடு இருந்தது, அந்தக் காடு இருந்தது. பக்டரியில் நான் ஒரு நம்பர். வீட்டில் இங்கிலீசு தெரியாதவன். காட்டில் மட்டும்தான் பென்சிலை என்னிடம் தந்தார்கள். அவளுக்கு இது தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆறு வீட்டுக்கு இறைச்சி பங்கு போட்டவள்.

10

வதனியிடம் நாலு வசனம் கேட்டுப் பாடமாக்கினேன். நான் உங்கள் நாயைச் சுடவில்லை. என் சன்னம் வேறு. மரையை முடித்தது மட்டும் நான். நாய்க்காக நான் துக்கப்படுகிறேன். அவள் எழுதித் தந்து, சொல்ல வைத்து, இரண்டு கிழமை திருத்தினாள். எதற்கு என்று கேட்கவில்லை. கடிதம் வாசித்தவள், தெரிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை ரெயிலில் போனேன். பிறகு பஸ். பிறகு நடை. ரொன் வேலிக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். கேற்றுக்கு வெளியில் நின்று நாலு வசனத்தையும் சொன்னேன். தடக்காமல் வந்தது.

அவர் குறடைக் கீழே வைத்தார். ஐ நோ, மேட் என்றார். கொட்டிலுக்குள் போய் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். நாயிலிருந்து எடுத்த சன்னம். முழுசாக இருந்தது. செம்பு, முனை கொஞ்சம் மட்டும் வளைவு. என்னுடையது அல்ல என்று அதைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாய் செத்த அன்றே, அதைப் புதைக்கும்போது எடுத்துவிட்டாராம். நான் விளங்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அதனால்தான் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் என்னை நேராகக் கேட்டாராம். நான் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தச் சன்னத்தை மேசையில் போட இருந்தாராம்.

பிறகு கேட்டார், ஏன் யெஸ் என்றாய் என்று. ஒருவரும் மொழிபெயர்க்காமல் அந்தக் கேள்வி எனக்கு முழுக்க விளங்கியது.

மறுமொழிக்கு வேண்டிய இங்கிலீசும் என்னிடம் இருந்தது. மனைவி, பொய், இரண்டும் பக்டரியில் தினமும் கேட்கிற சொல். சொல்லியிருந்தால் என் பெயர் துடைபட்டிருக்கும். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவளோடு ஒரு மேசையில் தேத்தண்ணி குடித்தவர்.

"மை இங்கிலீஷ் நோ குட்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. மைத்துனனைக் காப்பாற்ற நானே தலையைக் கொடுத்தேன் என்றுதான் நினைத்தாராக்கும். தோளில் தட்டினார். ஆனால் எல்லோர் முன்னாலும் சொன்னது சொன்னதுதானாம், கிளப் புத்தகத்தில் எழுதியாயிற்றாம், அவரால் மாற்ற ஏலாதாம். சன்னத்தை வைத்திருக்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று அவர் கையிலேயே கொடுத்தேன்.

11

குலத்துக்குப் பதவி வந்தது. மாமி, அவர்களுடைய தாய், தை மாதம் வந்து இறங்கினா. எங்களோடுதான் இருக்கிறா. நல்ல மனிசி. குலம் இங்கே வரும்போது நான் கராஜில் இருப்பேன். அத்தான் என்று எட்டிப் பார்ப்பான். வா தம்பி என்பேன். அவ்வளவுதான்.

இப்போது டொக்டரிடமும் வங்கிக்கும் நான் தனியே போகிறேன். விளங்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லுவேன். மூன்று தரமும் சொல்லச் சொல்லுவேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் மூச்சு விடுவார்கள். விடட்டும்.

ரொன்னிடம் போய் வந்த அன்று புவனம் வாசலில் நின்றாள். எங்கே போனேன் என்று வதனி சொல்லியிருக்கிறாள். சப்பாத்தில் இருந்த சேற்றைப் பார்த்தாள். உள்ளே வர விட்டுவிட்டுக் கேட்டாள்.

"என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"தம்பியைப் பற்றி?"

"ஒண்டும் இல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு இருபத்திரண்டு தையல் போடும்போது பார்த்த மாதிரித்தான் பார்த்தாள். மெல்ல, உண்மையைச் சொல்லுங்கோ என்றாள்.

சொன்னது உண்மைதான் என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது. ரெலிபோன் அடித்தால், ரொன்னோ என்கிற பயத்தில், யார் என்று கேட்க முதல் என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.